டானிஸ்ட்ரோஃபியஸின் கழுத்து

டிரயாசிக் காலத்தில் (சுமார் 25 கோடி முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு) வாழ்ந்த டானிஸ்ட்ரோஃபியஸ் என்னும் ஊர்வன விலங்குக்கு உடம்பைவிடப் பல மடங்கு நீளமான கழுத்து இருந்ததாகச் சொல்லப்படுவது மெய்தானா, மெய்யென்றால் அப்படியொரு கழுத்தைச் சுமந்துகொண்டு அது எவ்வாறு நடமாடியது, படங்களில் காட்டப்படுவதைப் போலக் கரையில் நின்றவாறே கழுத்தைத் தூண்டில் கம்பாக நீரின்மேல் நீட்டி மீன் பிடித்ததா என்று கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்கு விடை எளிது: கழுத்தின் நீளம் மெய்யே, அதில் ஐயத்துக்கு இடமில்லை. மூன்றாவது கேள்விக்கு விடை, பெரும்பாலும் இல்லை என்பதே. இரண்டாவதுக்குத்தான் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இனத்தின் பெரிய விலங்குகள் மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஐந்து மீட்டருக்கும் மேல் நீண்டவை. அந்த நீளத்தில் ஏறத்தாழப் பாதி கழுத்து மட்டுமே. தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட நடுவுடலோடு ஒப்பிட்டால் கழுத்து அதைப் போல மூன்று மடங்கு இருக்கும். இவ்வளவு நீளத்தையும் தாங்கியவை 13 முள்ளெலும்புகள்தாம். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் இருப்பதை நினைத்தால் 13 அதிகமாகத் தோன்றலாம். ஆனால் கடலில் வாழ்ந்த நீள்கழுத்துப் பிளேசியோசர்களில் சிலவற்றுக்கு 70க்கும் மேற்பட்ட கழுத்தெலும்புகள் இருந்தன. டானிஸ்ட்ரோஃபியஸ் எலும்புகளின் எண்ணிக்கையை அந்த அளவுக்குப் பெருக்காமல் ஒவ்வோர் எலும்பையும் இழுத்து நீட்டிக்கொண்டது. பெரிய விலங்கின் நடுக்கழுத்தில் ஒரே முள்ளெலும்பு ஒரு சாணுக்கும் மேல் நீண்டிருக்கும். இந்த ஒரு செய்திதான் அதன் வரலாற்றில் நேர்ந்த குழப்பங்களுக்கும், அதன் வாழ்க்கையைப் பற்றி நாம் ஊகிக்கக்கூடியவற்றுக்கும் அடிப்படை.

குழப்பங்கள் என்று சொன்னேன். அவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயன் தரும். 1830களில் ஜெர்மனியின் பைரோய்ட் பகுதியில், நடு டிரயாசிக் காலத்துச் சுண்ணாம்புப் பாறைகளில், நீண்டு குழாய்போன்ற எலும்புகள் சில தனித்தனியாகக் கிடைத்தன. மண்டையோடோ காலோ உடன் இல்லை. அவற்றைச் சேகரித்த கியோர்க் ட்சு மூன்ஸ்டர் என்னும் பிரபு, அவை ஏதோவொரு ஊர்வன விலங்கின் கால் எலும்புகள் என்று எண்ணினார். ஹெர்மன் ஃபொன் மேயர் அவை முதுகெலும்புத் தொடரைச் சேர்ந்தவை என்று கண்டு, 1852இல் டானிஸ்ட்ரோஃபியஸ் என்னும் பெயரை இட்டார். ஆயினும் அவ்வளவு நீண்ட முள்ளெலும்புகள் கழுத்தில் இருக்கக்கூடும் என்று எவருக்கும் தோன்றவில்லை. நீண்ட வாலுக்குரியவை என்று கொள்வதே இயல்பாக இருந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் டிரிங்கர் கோப் 1887இல் நியூ மெக்சிகோவில் கிடைத்த ஒரு டைனோசரின் எலும்புகளைச் சிறிது காலம் இந்தப் பெயரின்கீழ் வைத்திருந்தார் என்றால், அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பதே அப்போது எவ்வளவு மங்கலாக இருந்தது என்பது விளங்கும். அந்த டைனோசருக்குப் பின்னர் 1889இல் சீலோஃபிசிஸ் என்னும் தனிப் பெயரை அவரே அளித்தார்.

இதற்கிடையே, இத்தாலியின் வடக்கு எல்லையை ஒட்டிய பெசானோ என்னும் ஊரில் கிடைத்த சிறிய எலும்புக்கூடு ஒன்றை ஃபிரான்செஸ்கோ பசானி 1886இல் விவரித்தார். அதன் பற்கள் மும்முனை கொண்டவை. உடலோடு நீண்டு மெலிந்த எலும்புகள் சிதறிக் கிடந்தன. பறக்கும் ஊர்வனவான டெரோசர்களின் இறகைத் தாங்குவது மிக நீண்டுபோன நான்காம் விரல் என்பதால், இந்த மெல்லெலும்புகளை அத்தகைய விரலின் துண்டுகளாகக் கொண்டு, இதுவும் ஒரு டெரோசரே என்று அவர் முடிவு செய்தார். ஹங்கேரியப் பிரபுவும் தொல்லுயிரியலில் பெரும் புலமை கொண்டவருமான ஃபிரான்ஸ் நோப்ச்சா 1920களின் தொடக்கத்தில் அதே எலும்புக்கூட்டை மறுபடியும் ஆராய்ந்து, அதே முடிவை மேலும் விரிவாக எழுதினார். கழுத்தை இறகாக எண்ணியவர்கள் என்று இன்று இவர்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1973இல் இத்தாலியின் பெர்காமோ பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட யூடிமார்ஃபோடான் என்னும் உண்மையான டிரயாசிக் டெரோசருக்குப் பல முனைப் பற்களே இருந்தன. நசுங்கிய எலும்புக்கூட்டையும் பல முனைப் பற்களையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு பசானி செய்த ஊகம் அந்தக் காலத்துக்கு மோசமானதன்று.

விடை கிடைத்த இடம் அதே மலைத்தொடரின் சுவிஸ் பக்கம். லுகானோ ஏரியின் தென்கரையில் 1,097 மீட்டர் உயரத்தில் நிற்கும் சான் ஜியோர்ஜியோ மலையின் பாறை அடுக்குகளில் கரிம எண்ணெய் செறிந்த கருநிறப் பலகைப்பாறைப் படிவுகள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை வெட்டியெடுத்து, காய்ச்சி வடித்து, தோல் நோய்களுக்கான களிம்பு ஒன்றைச் செய்து வந்தார்கள். பாறையை உடைக்கும்போது எலும்புகள் வெளிப்பட்டன; அவற்றைக் கண்ட சூரிச் பல்கலைக்கழகத்தின் பெர்ன்ஹார்ட் பையர் 1924இல் முறையான அகழாய்வைத் தொடங்கினார். அந்தப் பாறைகள் உருவான சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே இருந்தது வெப்பமண்டலக் கடலோரத்தை அடுத்த ஓர் ஆழம் குறைந்த கடற்படுகை. அதன் அடித்தளத்து நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆகவே இறந்து மூழ்கிய உடலைக் கிளறவோ தின்னவோ அங்கே உயிர்கள் இல்லை. எலும்புகள் கலையாமல் அப்படியே படிந்தன. 1929இல் பையரின் குழுவினர் எடுத்த ஓர் எலும்புக்கூட்டில் அந்த நீள் எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை குலையாமல் மண்டையோட்டிலிருந்து தோள்வரை தொடர்ந்து கிடந்தன. அவை காலுமல்ல, வாலுமல்ல, இறகுமல்ல என்பது அத்துடன் தெளிவாயிற்று. ஜெர்மனியில் நூறாண்டுக்கு முன் கிடைத்த எலும்புகளும் பசானியின் டெரோசரும் ஒரே வகை விலங்கு என்று 1931இல் பையர் எழுதினார். பசானி பயன்படுத்திய மூல எலும்புக்கூடு மட்டும் இன்று இல்லை. மிலான் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த அது 1943 ஆகஸ்டில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் அழிந்துபோயிற்று.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். கழுத்து நீண்டிருந்தது என்றால் அது வளைந்து நெளிந்திருக்கும் என்று நம் மனம் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. அன்னத்தையும் பாம்பையும் பார்த்துப் பழகிய கண்ணின் வேலை அது. எலும்புகள் காட்டுவது இதற்கு நேர் எதிரானது. வளைவு என்பது மூட்டுகளில் நிகழ்வது. 13 எலும்புகளுக்கிடையே 12 மூட்டுகளே இருக்க முடியும். அந்த மூட்டுகளையும் தளர்வாக விடவில்லை அதன் உடலமைப்பு. ஒவ்வொரு கழுத்து முள்ளெலும்பின் அடியிலிருந்தும் இரு பக்கமும் நூல்போல் மெலிந்த விலா எலும்புகள் பின்னோக்கி நீண்டன. ஒவ்வொன்றும் தன் பின்னால் உள்ள மூட்டுகள் பலவற்றைத் தாண்டிச் சென்றதால், கழுத்தின் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் அடியில் பல விலா எலும்புகள் கற்றையாக இணைந்து கிடந்தன. இந்தக் கற்றை கழுத்து கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் அதிகம் வளையாதபடி இறுக்கிப் பிடித்தது. 1980களில் சூரிச்சில் இதை ஆராய்ந்த கார்ல் சான்ஸ், இது விறைப்பான கழுத்து, இத்தகைய கழுத்தைத் தரையில் உயர்த்திப் பிடித்து வாழ்வது கடினம், ஆகவே விலங்கு நீரில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்.

விறைப்பு ஒரு குறைபாடு என்று நினைத்துவிடக் கூடாது. வளைந்து நெளியும் நீண்ட கழுத்தைத் தூக்கி வைத்திருக்க ஒவ்வொரு மூட்டிலும் தசை உழைக்க வேண்டும். தசை கூடினால் எடை கூடும், எடை கூடினால் அதைத் தாங்க மேலும் தசை வேண்டும். விலா எலும்புகளின் கற்றை இந்தச் சுமையில் பெரும் பகுதியைத் தசைச் செலவின்றியே ஏற்றுக்கொண்டது. முள்ளெலும்புகளும் உள்ளே பொள்ளலானவை. மிக நீண்ட கழுத்துடைய சௌரோபாட் டைனோசர்கள் சிலவற்றிலும், குறிப்பாகச் சீனாவின் மாமென்சிசாரஸ் இனங்களில், இதே போன்று பல மூட்டுகளைத் தாண்டும் கழுத்து விலா எலும்புகளைக் காண்கிறோம். நெருங்கிய உறவில்லாத இரண்டு குலங்கள் ஒரே சிக்கலுக்கு ஒரே வகையான தீர்வை எட்டியிருக்கின்றன.

கரையில் நின்று மீன் பிடிக்கும் படத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேர்மையாக விடையளிக்க வேண்டுமானால், அந்தப் படம் ஓவியர்களின் கற்பனையில் மட்டும் பிறந்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். சான் ஜியோர்ஜியோ மலையின் மெரிடே சுண்ணாம்புப் பாறையில் கிடைத்த, தலையும் கழுத்தும் இல்லாவிட்டாலும் தோலின் தடங்கள் எஞ்சியிருந்த எலும்புக்கூடு ஒன்றை 2005இல் சில்வியோ ரெனெஸ்டோ விவரித்தார். அதில் இடுப்பையும் வாலின் அடிப்பகுதியையும் சூழ்ந்து கனத்த தசை இருந்ததற்கான தடயங்கள் தெரிந்தன. உடலின் பின்பாதி அவ்வளவு கனமானது என்றால் எடையின் மையம் பின்னால் தள்ளிப்போகும். முன்னால் நீளும் கழுத்துக்கு அது எதிர்ச்சுமையாகும். எனவே விலங்கு கரையிலோ ஆழமற்ற நீரிலோ நிலைதவறாமல் நின்றிருக்க முடியும் என்பது அவருடைய வாதம். மேலும், கைகால்கள் துடுப்புகளாக மாறவில்லை. நீண்ட வால் முதலையின் வாலைப் போல உயர்ந்து தட்டையாகவும் இல்லை. இவை யாவும் தரைக்குச் சார்பான வலுவான சான்றுகளாகவே தோன்றின. பின்னர் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அவரே, அந்தக் கனத்த பின்னங்கால்கள் நீரில் உந்திச் செல்வதற்கும் ஏற்றவை என்று காட்டி, பாதி நீர்வாழ்வை ஆதரித்தார்.

இந்த விவாதத்தில் இன்னொரு முடிச்சும் இருந்தது. சான் ஜியோர்ஜியோ மலையில் டானிஸ்ட்ரோஃபியஸ் இரண்டு அளவுகளில் கிடைத்தது. சிறியவற்றின் தாடைப் பின்பற்கள் மும்முனை கொண்டவை. பெரியவற்றின் பற்கள் ஒற்றை முனையுள்ள கூம்புகள். 1970களில் இவற்றை விரிவாக ஆராய்ந்த ரூப்பர்ட் வில்ட், சிறியவை குட்டிகள் என்றும், குட்டிகள் தரையில் பூச்சிகளைத் தின்று வாழ்ந்து வளர்ந்தபின் கடலுக்குச் சென்றன என்றும் விளக்கினார். கேட்பதற்கு அழகான விளக்கம். நீண்ட காலம் நூல்களில் இதுவே நிலைத்திருந்தது. 2020இல் ஸ்டீஃபன் ஸ்பீக்மனும் அவருடன் சூரிச்சின் டோர்ஸ்டன் ஷையர், மிலானின் ஸ்டெஃபானியா நொசொட்டி, சிகாகோவின் ஒலிவியே ரீப்பெல் முதலானோரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதைத் தீர்த்து வைத்தது. சிறிய விலங்குகளின் கால் எலும்புகளை மெல்லிய குறுக்குச் சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆண்டுதோறும் விழும் வளர்ச்சிக் கோடுகள் பல தெரிந்தன. வெளிப்புறத்தில் அவை ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோன முதிர்ந்த விலங்குக்குரிய அடையாளம் அது. ஆக, சிறியவை குட்டிகளல்ல, தனி இனம். லோங்கோபார்டிகஸ் என்னும் பழைய இனப்பெயர் சிறியவற்றுக்கே நிலைத்தது. பெரியவற்றுக்கு ஹைட்ராய்டெஸ் என்னும் புதிய இனப்பெயர் இடப்பட்டது. ஒரே நீர்ப்பரப்பில் இரண்டும் வாழ்ந்தும் மோதிக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம் பற்களில் தெரிகிறது. மும்முனைப் பல் இறால் போன்ற மென்னோட்டு உயிர்களைப் பிடிக்க ஏற்றது. பெரியதின் வாயின் முன்புறத்தில் மேலும் கீழும் ஒன்றுக்கொன்று இடைநுழைந்து மூடும் வளைந்த கோரைப் பற்கள் இருந்தன. வழுக்கும் மீனையும் கணவாயையும் தப்பவிடாமல் பிடிக்கும் பொறி அது. பெரிய விலங்குகளின் வயிற்றுப் பகுதியில் மீன் செதில்களும், கணவாயின் உறவான உயிர்களின் கைகளில் இருக்கும் சிறு கொக்கிகளும் கிடைத்திருப்பது இதற்குப் பொருந்துகிறது.

அதே ஆய்வில்தான் தரையா நீரா என்னும் கேள்விக்கும் நான் மிக வலுவானதாகக் கருதும் சான்று வந்தது. பெரிய இனத்தின் நசுங்கிய மண்டையோடு ஒன்றைக் கதிர்ப்படமாக்கி, ஒவ்வோர் எலும்பையும் கணினியில் தனித்தனியே பிரித்து, நசுங்காத வடிவில் மீண்டும் பொருத்தினார்கள். மூக்குத்துளைகள் மூஞ்சியின் பக்கங்களில் இல்லாமல் அதன் மேற்பரப்பில் அமைந்திருந்தன. முதலையைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்: தலையின் மேல்விளிம்பு மட்டும் நீருக்கு வெளியே தெரிய, மற்றதெல்லாம் மூழ்கியிருக்கும் நிலையில் மூச்சுவிடும் விலங்குக்கு உரிய அமைப்பு அது. கரையில் நின்று மேலிருந்து நீருக்குள் தலையை இறக்கும் விலங்குக்கு இப்படியொரு மூக்கு தேவைப்பட்டிருக்காது.

இங்கே ஒரு சிறு விலகல். நீரின் ஆழத்தில் உடலை நிறுத்தி, கழுத்தைச் செங்குத்தாக உயர்த்தித் தலையை மட்டும் மேற்பரப்புக்கு வெளியே வைத்து மூச்சுவிட்டது என்று சில படங்கள் காட்டும். அது இயற்பியலுக்கு ஒவ்வாது. மூன்று மீட்டர் ஆழத்தில் மார்பின்மேல் நீர் செலுத்தும் அழுத்தம், மேற்பரப்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வளிமண்டல அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தை எதிர்த்து விலாவை விரித்து, மேலே இருக்கும் சாதாரணக் காற்றை உள்ளிழுக்க எந்த நுரையீரலாலும் முடியாது. டானிஸ்ட்ரோஃபியஸ் மூச்சுவிட்டபோதெல்லாம் அதன் உடலும் கழுத்தும் மேற்பரப்பை ஒட்டிக் கிடையாகவே இருந்திருக்க வேண்டும்.

சான்றுகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தால் நான் ஏற்கும் சித்திரம் இது. கரையோரத்துக் கலங்கிய, ஆழம் குறைந்த நீரில் அது மெதுவாக நகர்ந்தது. பின்னங்கால்களால் உந்தியோ அடித்தளத்தில் ஊன்றியோ சென்றது. விரைந்து நீந்தி இரையைத் துரத்தும் விலங்குக்கு அந்தக் கழுத்து இழுவையைத் தவிர வேறொன்றும் தராது என்பதால், துரத்தல் அதன் தொழிலாக இருந்திருக்க முடியாது. ஆனால் மறைந்திருந்து பிடிக்கும் விலங்குக்கு அது பெரும் சாதகம். ஐந்து மீட்டர் விலங்கின் பருத்த உடலைக் கண்டால் மீன் கூட்டம் கலைந்துவிடும். உடல் மூன்று மீட்டர் பின்னால் கலங்கலில் மறைந்திருக்க, கூட்டத்தை நெருங்குவது சிறிய தலை மட்டும்தான். அருகில் வந்ததும் தலையைப் பக்கவாட்டில் வெட்டி இழுத்துப் பிடித்தால் போதும். அதற்குக் கழுத்து முழுவதும் வளைய வேண்டியதில்லை. விறைப்பான கழுத்து அடியில் சிறிது திரும்பினாலே நுனியில் இருக்கும் தலை நெடுந்தூரம் வீசப்படும்.

இவ்வளவு நீளமான, மெலிந்த உறுப்பை உடலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு திரிவதில் ஆபத்து இல்லையா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். இருந்தது, அதற்கு நேரடிச் சான்றும் உண்டு. சூரிச் பல்கலைக்கழகத் தொகுப்பில், பெரிய இனத்தில் ஒன்றும் சிறிய இனத்தில் ஒன்றுமாக, தலையும் கழுத்தின் முன்பகுதியும் மட்டும் எஞ்சிய இரண்டு புதைபடிவங்கள் உள்ளன. ஸ்பீக்மனும் ஸ்டுட்கார்ட்டின் எவுடால்ட் முஹாலும் 2023இல் இவற்றை நுணுகிப் பார்த்தபோது, முறிவிடத்தில் பற்கள் பதிந்த தடங்களும், எலும்பு புதியதாக இருக்கும்போதே முறிந்ததற்கான அறிகுறிகளும் தெரிந்தன. முறிவுக்கு முன்னால் உள்ள எலும்புகளோ வரிசை குலையாமல் கிடக்கின்றன. தலையை எதுவும் தொடவே இல்லை. கடித்த விலங்கு பெரும்பாலும் மேலிருந்தும் பின்னாலிருந்தும் வந்து கழுத்தைத் துண்டித்து, இறைச்சி மிகுந்த உடலைக் கொண்டுபோய், எலும்பும் நரம்பும் மட்டுமே உள்ள தலையையும் கழுத்தையும் விட்டுவிட்டது என்பது அவர்களின் விளக்கம். பெரிய விலங்கைக் கொன்றதாக ஐயுறத்தக்கவை என்று அந்த நீரில் வாழ்ந்த பெரிய இக்தியோசரான சிம்பஸ்பாண்டைலஸ், பெரிய நோத்தோசர், ஹெல்வெட்டிகோசாரஸ் ஆகிய மூன்று கடல் ஊர்வனவற்றையும் அவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இந்தச் செய்தி வெளிவந்தபோது, பரிணாமம் செய்த பிழை என்ற தொனியில் பலர் எழுதினார்கள். அந்த முடிவு அவசரமானது. இந்த வகை விலங்குகள் பல மில்லியன் ஆண்டுகள் வாழ்ந்தன. ஐரோப்பாவில் மட்டுமன்றி இஸ்ரேலின் ராமோன் பள்ளத்தாக்கிலும் சீனாவின் குய்சோ மாநிலத்திலும் அவற்றின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. எப்போதாவது ஒன்று கழுத்தில் கடிபட்டுச் சாவது, அந்தக் கழுத்தால் அன்றாடம் கிடைத்த இரையின் பயனைவிடக் குறைந்த இழப்பாகவே இருந்திருக்க வேண்டும்.

அதே குய்சோ மாநிலத்தில் 2003இல் பெயரிடப்பட்ட டைனோசெஃபலோசாரஸ் என்னும் உறவினரையும் இங்கே குறிப்பிட வேண்டும். படங்களில் இவ்விரண்டும் அடிக்கடி குழப்பப்படுகின்றன. அதன் கழுத்தும் மிக நீளமானது, ஆனால் அது வேறு வழியில் நீண்டது: 2024இல் வெளிவந்த முழு விவரிப்பின்படி அதற்கு 32 கழுத்து முள்ளெலும்புகள். கைகால்கள் துடுப்புகளாகிவிட்டன. 2017இல் விவரிக்கப்பட்ட ஒரு தாய் விலங்கின் வயிற்றுக்குள் கருவும் கிடைத்தது. முட்டையிடக் கரையேறாமல் அது குட்டி ஈன்றது என்பதற்கான சான்று அது. முதலைகளும் பறவைகளும் அடங்கிய பெருங்குலத்தைச் சேர்ந்த ஒரு விலங்கு குட்டி ஈன்றதற்குக் கிடைத்த முதல் சான்றும் அதுவே. டானிஸ்ட்ரோஃபியஸும் அந்தப் பெருங்குலத்தின் தொடக்க நிலைக் கிளை ஒன்றைச் சேர்ந்தது. பல்லிகளைவிட முதலைகளுக்கும் பறவைகளுக்கும் நெருங்கிய சொந்தம். அதே பெருங்குலத்தில், இந்தியாவின் பிராணஹிதா–கோதாவரிப் படுகையின் யெர்ரப்பள்ளிப் பாறைகளிலிருந்து 2003இல் விவரிக்கப்பட்ட பமெலாரியா என்னும் நீள்கழுத்துத் தரைவிலங்கும் உண்டு. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிலவியல் ஆய்வுப் பிரிவு உருவாக உழைத்த பமெலா ராபின்சனின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. டானிஸ்ட்ரோஃபியஸின் கழுத்தோடு அதன் கழுத்தை ஒப்பிடவே முடியாது என்றாலும், அந்தக் காலத்து ஊர்வன விலங்குகளிடையே கழுத்து நீளும் போக்கு எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை அது காட்டுகிறது.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், சூரிச் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்திலும் மலையடிவார ஊரான மெரிடேயின் புதைபடிவ அருங்காட்சியகத்திலும் இவ்விலங்குகளைக் காணலாம்; சான் ஜியோர்ஜியோ மலையின் சுவிஸ் பக்கம் 2003இலும் இத்தாலியப் பக்கம் 2010இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பாறைப் பலகையின் முன் நிற்கும்போது முள்ளெலும்புகளின் நீளத்தோடு பார்வையை முடித்துக்கொள்ளாமல், அவற்றின் அடியில் ஓடும் நூலிழை போன்ற விலா எலும்புகளையும் தேடிப் பாருங்கள். மக்களுக்காக வரையப்படும் படங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அவைதாம்.